யூக்ளிட் அவென்யூ: கட்டியவர்கள் போனதும் மாளிகைகளும் ஏன் போயின?

நிலைவாசல்:

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் அமைந்த கிளீவ்லாந்து நகரத்தின் யூக்ளிட் அவென்யூவுக்கென்று இந்த இணைய மன்றத்தில் தனி விவாத இழை இல்லாததால் இதைத் தொடங்குகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'கோடீஸ்வரர் வரிசை' என்று பெயர் வாங்கிய சாலை அது. எண்ணெய், இரும்புத்தாது, ரயில்வே, தந்தி, மின்விளக்கு என்று அந்த நகரம் எந்தெந்தத் தொழிலில் பணம் பார்த்ததோ அந்தத் தொழில்களின் முதலாளிகள் ஏறக்குறைய எல்லோரும் அங்கே அக்கம்பக்கத்தில் குடியிருந்தார்கள். எண்ணெய் முதலாளி ஜான் டி. ராக்பெல்லர் 1868-இல் அங்கே வீடு வாங்கினார். உச்சத்தில் 250-க்கும் மேற்பட்ட பெரிய வீடுகள் அந்தச் சாலையில் இருந்தன; இன்று நிற்பவற்றைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பப்ளிக் ஸ்கொயர் என்ற மையச் சதுக்கத்தில் தொடங்கிக் கிழக்கே செல்லும் இந்தச் சாலை, முன்பு பஃபலோ நகரத்துக்குப் போகும் பாதையாக இருந்தது. சாலையின் வடபுறம் சற்று மேடான நிலம் என்பதால் செல்வந்தர்கள் அந்தப் பக்கத்தையே விரும்பினார்கள். எல்ம் மரங்கள் நிழல் தரும் நடைபாதை, அதற்கப்பால் பரந்த புல்வெளி, அதன் கோடியில் வீடு என்ற வரிசை ஏறத்தாழ மாறாமல் தொடர்ந்தது. வீட்டுக்கு வீடு பாணி மட்டும் மாறும்: ஒன்று இத்தாலிய நாட்டுப்புற மாளிகையைப் போலச் சதுரக் கோபுரத்தோடு இருக்கும், அடுத்தது செங்குத்தான கூரையுடைய காதிக் பாணியில் இருக்கும், அதற்கடுத்தது கரடுமுரடான கருங்கல்லில் ரோமனெஸ்க் பாணியில் எழுந்து நிற்கும்.

இவை அழிந்ததற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: நில வரி ஏறியது, ஆலைப் புகை சூழ்ந்தது, கார் வந்ததும் பணக்காரர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் வரியும் புகையும் காரும் எல்லாத் தொழில் நகரங்களுக்கும் வந்தன. எல்லா மாளிகைத் தெருக்களும் இப்படித் துடைத்தெடுக்கப்படவில்லை. ஆகவே நான்காவதாக, வீடுகள் கட்டப்பட்ட விதமே அவற்றின் அழிவுக்கு வழி செய்தது என்று வாதிட விரும்புகிறேன். அந்த வீடுகளை ஒரே ஒரு குடும்பம், ஒரே ஒரு தலைமுறை, ஒரு படை வேலையாட்களோடு மட்டுமே பயன்படுத்த முடியும். சாமுவேல் ஆண்ட்ரூஸின் வீடு இதற்கு உச்சகட்ட உதாரணம். இங்கிலாந்தில் பிறந்த ஆண்ட்ரூஸ், எண்ணெய் சுத்திகரிப்பில் கைதேர்ந்தவர். ராக்பெல்லரின் தொடக்ககாலப் பங்குதாரர். 1880-களில் அவர் கட்டிய மாளிகையில் நூறு அறைகள் வரை இருந்தனவாம். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போவதற்குள் வேலைக்காரர்கள் சலித்துப்போகும் அளவுக்கு அதன் தளவமைப்பு மோசம் என்று சொல்வார்கள். விக்டோரியா மகாராணி வந்து தங்குவார் என்று நம்பித்தான் அவ்வளவு பெரிதாகக் கட்டினார் என்பது கட்டுக்கதையாகவே இருக்கலாம். ஆனால் ஊரார் அந்த வீட்டுக்கு 'ஆண்ட்ரூஸின் அசட்டுத்தனம்' என்று பெயர் வைத்தது கதையல்ல. குடும்பம் சில ஆண்டுகளே அங்கே வாழ்ந்தது. பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீடு 1923-இல் இடிக்கப்பட்டது.

கல்தச்சன்:

நிலைவாசல் அவர்களுக்கு வணக்கம். நல்ல இழை. ஆனால் உங்கள் நான்காவது காரணத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. ஆண்ட்ரூஸ் வீட்டை வைத்து அந்தச் சாலை முழுவதையும் எடை போடுவது முறையாகாது. அங்கே நல்ல கட்டடக் கலைஞர்கள் வேலை செய்தார்கள். சார்லஸ் ஷ்வைன்ஃபர்த் என்பவர் 1880-களில் சில்வெஸ்டர் எவரெட் என்ற வங்கியாளரின் வீட்டைக் கட்டுவதற்காகவே கிளீவ்லாந்துக்கு வந்து, பிறகு வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டவர். எவரெட் வீட்டின் படங்களைக் கூர்ந்து பாருங்கள். செதுக்காத முகத்தோடு அடுக்கிய கனமான கற்கள், தரைக்கு அருகிலேயே தொடங்கும் அகன்ற அரைவட்ட வளைவு, மூலையில் உருண்டை கோபுரம் என்று பாஸ்டனைச் சேர்ந்த ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் பரப்பிய பாணி அது. வளைவின் கற்கள் ஒவ்வொன்றும் விசிறி விரிவதுபோல் மையத்திலிருந்து புறப்படும். அந்தக் கனத்தைத் தாங்க இருபுறமும் குட்டையான தூண்கள் இருக்கும். சுவரின் பருமன் சன்னலின் ஆழத்திலேயே தெரிந்துவிடும். நூற்றாண்டுகள் நிற்கக்கூடிய அந்தக் கட்டடத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள் என்றால், குற்றம் கட்டடத்தின் மேல் அல்ல.

என் பார்வையில் குற்றவாளி நிலம். நகரத்தின் வணிகப் பகுதி சதுக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி, இதே சாலை வழியாகத்தான் வளர்ந்தது. கடைகள் வந்தன, அலுவலகங்கள் வந்தன, 1921-22-இல் பிளேஹவுஸ் ஸ்கொயரின் பெரிய நாடக அரங்குகள் வந்தன. அப்படி வளரும் சாலையின் ஓரத்தில் ஏக்கர் கணக்கில் புல்வெளி வைத்திருப்பவருக்கு, வீட்டின் மதிப்பு பூஜ்யமாகி நிலத்தின் மதிப்பு மட்டுமே மிஞ்சும். வரியும் அந்த மதிப்பின் மேல்தான் விழும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1901 முதல் 1909 வரை மேயராக இருந்த டாம் ஜான்சன், டிராம் தொழிலில் பணம் சேர்த்து அதே யூக்ளிட் அவென்யூவில் மாளிகையில் வாழ்ந்தவர். ஆனால் கட்டடத்துக்கு வரி வேண்டாம், நிலத்துக்கு மட்டுமே வரி போட வேண்டும் என்ற, அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையில் ஊறியவர். அண்டை வீட்டுக்காரர்கள் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஓவியக்கூடம்:

உங்கள் இருவரின் வாதத்தையும் ஒரு பழைய தெருவைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். இத்தாலியின் ஜெனோவா நகரத்தில் 'புதிய தெரு' என்ற பொருளில் ஸ்ட்ராடா நுவோவா என்று அழைக்கப்பட்டு, இன்று இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் பெயரைத் தாங்கி நிற்கும் தெருவைச் சொல்கிறேன். 1551-இல் வேலை தொடங்கிய இந்தத் தெரு, செல்வந்தர் குடியிருப்பாகவே திட்டமிடப்பட்ட ஒன்று. ஸ்பெயின் அரசருக்கே கடன் கொடுத்த வங்கிக் குடும்பங்கள் மனைகளை ஏலத்தில் எடுத்தன. தெருவின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர்; அகலம் ஏழரை மீட்டர்தான். அதாவது ஐரோப்பாவின் மிகப் பெரிய பணக்காரர்களில் சிலர், யூக்ளிட் அவென்யூவின் ஒரு புல்வெளிக்குள் அடங்கிவிடக்கூடிய தெருவில் எதிரெதிரே வாசல் வைத்து வாழ்ந்தார்கள்.

இந்த அகலம் கட்டடக்கலையை எப்படி மாற்றியது என்பதுதான் சுவையான செய்தி. ஏழரை மீட்டர் தூரத்தில் நின்று பார்க்கும்போது எந்த முகப்பும் முழுதாகக் கண்ணில் படாது. கழுத்தை நிமிர்த்திச் சாய்வாகத்தான் பார்க்க முடியும். ஆகவே கலைஞர்கள் வீட்டின் பெருமையை உள்ளே கொண்டுபோனார்கள். பலாஸோ தோரியா துர்ஸி என்ற மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1565-இல் நிக்கோலோ கிரிமால்டி என்ற வங்கியாளருக்காகத் தொடங்கப்பட்டது. வாசலைக் கடந்தால் நீண்ட முன்கூடம். அதன் கோடியில் படிகள். படிகள் ஏறினால் தெருவைவிட உயர்ந்த மட்டத்தில், இரண்டடுக்குத் தூண் வரிசைகள் சூழ்ந்த முற்றம். முற்றத்தின் மறுபுறம் படிக்கட்டு இரண்டாகப் பிரிந்து மேலே போகிறது. பின்னால் மலைச்சரிவு என்பதால், அந்தச் சரிவையே படிப்படியாக வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவருக்கு இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு, மறுபடி வெளிச்சம் என்று ஒரே நேர்கோட்டில் வீட்டின் ஆழம் முழுவதும் தெரியும்.

இந்த மாளிகைகளின் தளவரைபடங்களையும் முகப்பு வரைபடங்களையும் ஓவியர் ரூபன்ஸ் 1622-இல் ஆண்ட்வெர்ப் நகரத்தில் அச்சிட்டு வெளியிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. அரசர்களின் அரண்மனைகளைவிட இவை குடும்பங்கள் வாழ்வதற்கேற்ற முன்மாதிரிகள் என்பது அவரது கருத்து. வடக்கு ஐரோப்பியர்கள் பின்பற்றட்டும் என்றே வெளியிட்டார்.

இப்போது உங்கள் விவாதத்துக்கு வருகிறேன். ஜெனோவாவின் மாளிகைகள் தொடக்கத்திலேயே முழுக்கத் தனியார் வீடுகளாக இருக்கவில்லை. அன்று தனிக் குடியரசாக இருந்த ஜெனோவாவின் ஆட்சிமன்றமான செனட், 1576 முதல் வீடுகளைத் தரம் பிரித்து 'ரோல்லி' என்ற பட்டியல்களை வைத்திருந்தது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் அவரது தகுதிக்கேற்ற வகுப்பிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு வீடு தேர்ந்தெடுக்கப்படும். வீட்டுக்காரர் அவரைத் தங்க வைத்தே ஆக வேண்டும். ஆகவே பொதுக் காரியத்துக்கு இடம் கொடுக்கும் அமைப்பு அந்த வீடுகளின் வடிவத்திலேயே இருந்தது. முதலாளிகளின் காலம் முடிந்தபோது, தோரியா துர்ஸி 1848-இல் நகராட்சி அலுவலகமானது. பலாஸோ ரோஸோவை அதன் வாரிசான கல்லியேரா சீமாட்டி 1874-இல் நகரத்துக்குக் கொடுத்தார், அது காட்சியகமானது. இன்னொன்றில் வணிகச் சபை இயங்குகிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சேதமடைந்த பிறகும்கூட, ஃபிராங்கோ அல்பினி என்ற நவீனக் கட்டடக் கலைஞரைக் கொண்டு காட்சியகங்களைச் செப்பனிட்டார்களே தவிர, மனையை விற்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அங்கே மனையும் வீடும் ஒன்று. விற்பதற்குப் புல்வெளி இல்லை.

குறுக்குச்சாலை:

ஓவியக்கூடம் சொல்வது பொருத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் புல்வெளியோடு கூடிய தனித்தனி வீடுகள் அழிந்தே தீரும் என்றால், மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரத்தில் சம்மிட் அவென்யூ எப்படித் தப்பியது? அதுவும் யூக்ளிட் அவென்யூவின் காலத்தைச் சேர்ந்ததுதானே?

ஆற்றங்கரை:

குறுக்குச்சாலை கேட்டது சரியான கேள்வி. அந்தச் சாலையைப் பற்றிக் கொஞ்சம் படித்திருப்பதால் நான் பதில் சொல்ல முயல்கிறேன். சம்மிட் அவென்யூ செயின்ட் பால் பேராலயத்தின் அருகே தொடங்கி மிசிசிப்பி ஆறு வரை ஏழு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீள்கிறது. முதலில் கட்டப்பட்ட 440 பெரிய வீடுகளில் 370-க்கும் மேற்பட்டவை இன்றும் நிற்கின்றன என்று கணக்கு. தனித்தனி வீடுகள், முன்புறம் புல்வெளி, மரங்கள் எல்லாமே உண்டு. ஆனால் மூன்று வேறுபாடுகள் இருக்கின்றன.

முதலாவது, அது நகரத்தின் வணிகச் சாலை அல்ல. கடைத்தெரு கீழே இருந்தது. சம்மிட் மேட்டின் விளிம்பில் ஏறிப் போனது. டிராம் தடங்கள் இருபுறமும் இணையாக ஓடும் செல்பி, கிராண்ட் ஆகிய சாலைகளில் போடப்பட்டன. கடைகளும் அடுக்குக் குடியிருப்புகளும் தடத்தைப் பின்பற்றி அங்கே போய்விட்டன. இரண்டாவது, இருபதாம் நூற்றாண்டில் வணிகத்தின் பெரும்பங்கு பக்கத்து நகரமான மின்னியாபோலிஸுக்குப் போனதால், செயின்ட் பாலில் நிலத்துக்கு அவ்வளவு அடிதடி ஏற்படவில்லை. ஊர் கொஞ்சம் பின்தங்கியதே வீடுகளுக்குப் பாதுகாப்பாக அமைந்தது என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். மூன்றாவது, பெரும்பாலான வீடுகள் பெரியவைதான், ஆனால் பூதாகாரமானவை அல்ல. மந்தநிலைக் காலத்தில் அவற்றை அறை அறையாக வாடகைக்கு விட முடிந்தது. காலம் திரும்பியபோது மறுபடி குடும்ப வீடாக்கவும் முடிந்தது.

பூதாகாரமான ஒன்றும் அங்கே உண்டு. கிரேட் நார்தர்ன் ரயில்வேயை உருவாக்கிய ஜேம்ஸ் ஜெ. ஹில்லின் வீடு 1891-இல் முடிந்தது. பரப்பு 36,000 சதுர அடிக்கு மேல். 13 குளியலறைகள், 22 கணப்படுப்புகள். வெளியே கல்தச்சன் விவரித்த அதே கரடுமுரடான ரோமனெஸ்க். கல் மட்டும் செம்மணற்கல். உள்ளே நுழைந்தால் ஏறத்தாழ நூறடி நீளமான கூடம், செதுக்கிய மரவேலை, மேலிருந்து வெளிச்சம் விழும் ஓவியக் கூடம், அதில் குழாய் ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவி. மின்சாரத்தை முழுதாக நம்பாத காலம் என்பதால், மின்சாரத்திலும் வாயுவிலும் எரியக்கூடிய இரட்டை விளக்குகள் பொருத்தினார்கள். கட்டும் வேலையின் நடுவில், பாஸ்டன் கட்டடக் கலைஞர்களான பீபடி, ஸ்டர்ன்ஸ் நிறுவனத்தினர், கல்தச்சர்களுக்கு ஹில் அனுப்பிய உத்தரவை மதிக்கவில்லை என்பதற்காக, அந்த நிறுவனத்தை அவர் நீக்கிவிட்டு வேறொரு பாஸ்டன் நிறுவனத்தைக் கொண்டு உள்வேலையை முடித்தார். ரயில் பாதையின் ஒவ்வொரு மைலையும் தானே கணக்குப் பார்த்தவர், வீட்டின் கல்லை மட்டும் பிறர் பொறுப்பில் விட்டிருப்பாரா?

ஹில் 1916-இலும் அவர் மனைவி மேரி 1921-இலும் காலமானார்கள். அதன்பின் மகள்கள் நால்வர் வீட்டை வாங்கி 1925-இல் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குக் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அலுவலகமாகவும் பள்ளியாகவும் பயன்பட்டது. 1978-இல் மின்னசோட்டா வரலாற்றுக் கழகம் அதை வாங்கியது. இன்று பொதுமக்கள் உள்ளே சென்று பார்க்கலாம்.

நிலைவாசல்:

ஆற்றங்கரை அவர்களின் டிராம் தடம் பற்றிய குறிப்பு என்னைச் சிந்திக்க வைத்தது. யூக்ளிட் அவென்யூவிலும் இதுவேதான் நடந்தது, ஆனால் விளைவு நேர்மாறாக இருந்தது. மாளிகைகள் அதிகமிருந்த பகுதியில் தடம் போடக் கூடாது என்று குடியிருப்போர் பல்லாண்டுக் காலம் போராடி வெற்றியும் பெற்றார்கள். அந்தப் பகுதியில் மட்டும் டிராம் வண்டிகள் விலகிப் பக்கத்திலுள்ள பிராஸ்பெக்ட் அவென்யூ வழியாகச் சுற்றிப் போயின. தடத்தைத் தடுக்க முடிந்ததே தவிர வணிகத்தைத் தடுக்க முடியவில்லை. சம்மிட் அவென்யூ ஓர் ஓரத்தில் இருந்தது. யூக்ளிட் நகரத்தின் முதுகெலும்பாக இருந்தது. இந்த அளவில் கல்தச்சன் சொல்லும் நில வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஆனால் என் பழைய வாதத்தை இன்னொரு வீட்டைக் கொண்டு வலுப்படுத்துகிறேன். இரு கரிமுனைகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் மின்வில் விளக்கை மேம்படுத்திய சார்லஸ் பிரஷ் 1880-களில் அங்கே ஒரு மாளிகை கட்டினார். அதன் பின்பகுதியில், ஒரு பூங்கா அளவிலான தோட்டத்தில், 1888-இல் ஒரு காற்றாலையை நிறுவினார். கோபுரம் ஏறத்தாழ 60 அடி உயரம். அதன்மேல் 56 அடி விட்டமுள்ள சக்கரம், அதில் செடார் மரத்தால் ஆன 144 தகடுகள். காற்று திசை மாறும்போதெல்லாம் கோபுரம் முழுவதும் ஒரு நடு அச்சின் மேல் திரும்பும். சக்கரம் மெதுவாகத்தான் சுழலும். ஆனால் பட்டைகள் வழியாகப் பல மடங்கு வேகமெடுத்து டைனமோவை ஓட்டும். அது தரும் அதிகபட்சம் 12 கிலோவாட் மின்சாரம் அடித்தள அறையிலுள்ள மின்கலங்களில் சேமிக்கப்பட்டு, வீட்டின் விளக்குகளை எரித்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது ஓடியது. உலகில் முதன்முதலாக முற்றிலும் தானியங்கியாக இயங்கிய மின் காற்றாலை என்று இதைக் குறிப்பிடுகிறார்கள்.

இப்படியொரு வீட்டைப் பிறகு யார் நடத்துவது? அது அதைக் கட்டியவரின் தேவைக்கென்றே அமைந்த வீடு. பிரஷ் 1929-இல் காலமானார். தன் வீட்டை இடித்துவிட வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்திருந்ததால், அதுவும் இடிக்கப்பட்டது.

கல்தச்சன்:

நிலைவாசல் ஐயா, பிரஷ்ஷின் உயில் உங்கள் வாதத்துக்கு உதவுவதைவிட என் வாதத்துக்கே அதிகம் உதவுகிறது. தான் இறந்த பிறகு வீட்டை இடிக்கச் சொன்னவருக்கு, அந்தச் சாலை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. வாடகை அறைகளாகவும் பழைய சாமான் கடையாகவும் தன் வீடு சீரழிவதைவிட அது இல்லாமலேயே போகட்டும் என்பதே அவரது எண்ணம் என்று நான் புரிந்துகொள்கிறேன். ராக்பெல்லரின் வீடும் எவரெட்டின் வீடும் 1930-களில் போயின. 1950-களின் இறுதியில் விரைவுச் சாலை ஒன்று அவென்யூவைக் குறுக்கே வெட்டிச் சென்றது.

ஆனால் ஷ்வைன்ஃபர்த்தின் கடைசிப் பெரிய வீடு நிற்கிறது. இரும்புத்தாது வணிகரான சாமுவேல் மேதருக்காக 1910-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது அது. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் டியூடர் பாணியில் செங்கல்லும் கல்லும் கலந்து கட்டிய, 45 அறைகள் கொண்ட வீடு. மூன்றாம் மாடியில் முந்நூறு பேர் ஆடக்கூடிய நடனக்கூடம். சாலையின் பொற்காலம் முடிந்துகொண்டிருந்தபோது, அந்தப் பொற்காலத்தின் மிகச் செம்மையான வீட்டை எழுப்பியிருக்கிறார். சில தெருக்கள் தள்ளி, அதே ஷ்வைன்ஃபர்த் காதிக் பாணியில் கட்டிய டிரினிட்டி பேராலயமும் நிற்கிறது.

ஓவியக்கூடம்:

மேதர் வீடு நின்றதற்கு என்ன காரணம் என்று கல்தச்சன் சொல்லவில்லையே? அங்கும் வரி உண்டு, நில விலை உண்டு, விரைவுச் சாலையும் அருகில்தான் போகிறது.

கல்தச்சன்:

அடுத்தடுத்து ஆள் கிடைத்ததுதான் காரணம். மேதர் 1931-இல் காலமான பிறகு, முதலில் இசைக் கல்லூரி ஒன்று அதில் இயங்கியது. 1940-இல் கிளீவ்லாந்து கார் உரிமையாளர் சங்கம் வந்தது. 1960-களில் கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழகம் அதைப் பெற்றுக்கொண்டது. இடையில் நீண்ட காலம் அந்த வீடு வெறுமனே பூட்டிக் கிடக்கவில்லை. கூரை ஒழுகினால் மறுநாளே கவனிக்க யாராவது உள்ளே இருந்திருக்கிறார்கள்.

ஆற்றங்கரை:

அதே சாலையில் 1860-களில் கட்டப்பட்ட ஸ்டேகர்-பெக்வித் மாளிகையும் இதே வரிசையில்தான் வருகிறது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அது பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் மன்றமாக இருந்தது. 2017-இல் குழந்தைகள் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மன்றத்துக்குத் தேவை விருந்துக் கூடமும் படிப்பறையும். குழந்தைகளுக்குத் தேவை ஓடுவதற்கு அகலமான அறைகள். இரண்டுக்கும் அந்த வீட்டின் தளவமைப்பு இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே நிலைவாசல் சொன்ன நான்காவது காரணத்தை நான் கைவிட மாட்டேன். நிலம் ஒரு வீட்டை இடிக்கச் சொல்கிறது. வேறொருவர் உள்ளே வந்து உட்கார முடிந்தால் அந்தச் சொல் நிறைவேறுவதில்லை. ஆண்ட்ரூஸின் நூறு அறைகளுக்குள் எந்த மன்றமும் வந்து உட்கார முன்வரவில்லை.

நிலைவாசல்:

இருவருக்கும் நன்றி. நிலத்துக்கும் தளவமைப்புக்கும் இடையில் இருக்கும் இந்தப் பங்கைப் பிரித்துப் பார்க்க, இடிக்கப்பட்ட வீடுகளின் தளவரைபடங்களையும் நிற்கும் வீடுகளின் தளவரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். குறிப்பாக வேலைக்காரர் படிக்கட்டு எங்கே போகிறது, பெரிய அறைகளுக்குத் தெருவிலிருந்து நேரடியாகப் போக முடியுமா, மாடிக்குத் தனி வழி உண்டா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். பலாஸோ ரோஸோவை 1670-களில் இரண்டு சகோதரர்களுக்காக ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முழு மாளிகைத் தளங்களாகக் கட்டினார்கள். ஒரு குடும்பம் போனாலும் மற்றது நடக்கும். யூக்ளிட் அவென்யூவில் அப்படி இரண்டு தனித்தனி குடித்தனங்களுக்காகக் கட்டிய மாளிகை ஏதேனும் இருந்ததா என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதினால், விவாதத்தை அடுத்த இழையில் அந்த வீட்டிலிருந்து தொடங்கலாம்.